ஹைஃபன் எங்கே போடுவது? ஆங்கிலத்தில் எழுதப் பழகுபவர்களுக்கு

பழைய மேசை, கட்டில், பீரோ வாங்கி விற்கும் கடை ஒன்று நான் முன்பு குடியிருந்த தெருவின் முனையில் இருந்தது. பலகையில் ஆங்கிலத்தில் 'ஓல்ட் ஃபர்னிச்சர் டீலர்' என்று பெரிதாக எழுதியிருக்கும். கடைக்காரருக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய சாமான் விற்பவரா, சாமான் விற்கும் பழைய மனிதரா? பலகை இரண்டுக்கும் இடம் கொடுத்தது. முதல் இரண்டு சொற்களுக்கு நடுவே ஒரு சின்னக் கோடு இழுத்து 'ஓல்ட்-ஃபர்னிச்சர் டீலர்' என்று எழுதியிருந்தால் பழமையெல்லாம் சாமானோடு போயிருக்கும், மனிதர் தப்பித்திருப்பார்.

அந்தக் கோட்டின் பெயர்தான் ஹைஃபன். நான் படித்த பள்ளியில் கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள், ஹைஃபனைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதோ, அலுவலக மின்னஞ்சல் எழுதும்போதோதான் அது இடறும். பிறர் எழுதியதைத் திருத்திக்கொடுக்கும் வேலையில் நான் பார்த்தவரை, நம்மவர்கள் ஒன்று அதை எங்குமே போடுவதில்லை, இல்லையென்றால் யாரோ ஒருமுறை திட்டிய பயத்தில் கண்ட இடத்திலெல்லாம் போட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இந்தச் சிக்கல் நமக்குப் பழகியதுதான். 'தந்த பெட்டி' என்றால் யாரோ கொடுத்த பெட்டி. 'தந்தப் பெட்டி' என்றால் யானைத் தந்தத்தில் செய்த பெட்டி. ஒரே ஒரு 'ப்' வந்து எந்தச் சொல் எதோடு எந்த உறவில் நிற்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒற்று மிகுவது கிடையாது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் சொற்களை வரிசையாக நிறுத்திவிடுவார்கள், எது யாருடைய ஜோடி என்பதைப் படிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு உதவத்தான் ஹைஃபன். 'இந்த இரண்டும் ஒரே வீட்டு ஆட்கள், சேர்த்துப் படி' என்பதுதான் அதன் ஒரே சேதி. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே வருகிற விதிகளில் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

முதலில், பெயர்ச்சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்து ஒரே பெயரடையாக, அதாவது அட்ஜெக்டிவாக, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் ஹைஃபன் தேவைப்படலாம். அதே சொற்கள் பெயர்ச்சொல்லைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் பெரும்பாலும் தேவையில்லை.

புகழ்பெற்ற எழுத்தாளரைச் சொல்ல 'எ வெல்-நோன் ரைட்டர்' என்று எழுதுவோம், கோடு உண்டு. 'தி ரைட்டர் இஸ் வெல் நோன்' என்று திருப்பிப் போட்டால் கோடு போய்விடும். 'அப்-டு-டேட் ரெக்கார்ட்ஸ்' என்பதில் இரண்டு கோடு. 'தி ரெக்கார்ட்ஸ் ஆர் அப் டு டேட்' என்பதில் ஒன்றும் இல்லை. முழுநேர வேலை 'எ ஃபுல்-டைம் ஜாப்', ஆனால் அவள் முழுநேரம் வேலை பார்க்கிறாள் என்பதற்கு 'ஷீ வொர்க்ஸ் ஃபுல் டைம்' போதும்.

காரணம் எளிது. முன்னால் வரும்போது அடுத்து இன்னொரு சொல் காத்திருக்கிறது, படிப்பவர் எங்கே நிறுத்துவது என்று தடுமாறலாம். பின்னால் வரும்போது வாக்கியமே முடிந்துவிடுகிறது, தடுமாற ஒன்றுமில்லை.

அடுத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து ஒட்டிப் பாருங்கள்

நான் இன்றும் செய்கிற சோதனை இது. முன்னால் நிற்கும் சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, தனித்தனியே பெயர்ச்சொல்லோடு ஒட்டிப் பாருங்கள். 'பிக் ரெட் பஸ்' என்பதை எடுத்துக்கொள்வோம். 'பிக் பஸ்' சரி, 'ரெட் பஸ்' சரி. இரண்டு சொல்லும் பேருந்தைத்தான் பேசுகின்றன, ஒன்றையொன்று சார்ந்திருக்கவில்லை. கோடு வேண்டாம்.

'ஃபைவ்-ஸ்டார் ஹோட்டல்' என்பதைப் பிரித்தால் 'ஃபைவ் ஹோட்டல்' என்று வருகிறது. ஐந்து ஹோட்டல் இல்லையே, ஐந்து நட்சத்திரம்தானே? அப்படியென்றால் ஐந்து நட்சத்திரத்தின் ஆள். முடிச்சுப் போட வேண்டும். 'வெல்-நோன் ரைட்டர்' என்பதில் 'வெல் ரைட்டர்' என்று ஒன்று ஆங்கிலத்திலேயே கிடையாது. அங்கேயும் கோடு.

சில தொடர்களில் பிரித்தாலும் பொருள் வரும், சேர்த்தாலும் பொருள் வரும், ஆனால் வேறு வேறு பொருள். கவனம் அங்கேதான் வேண்டும். 'மேன்-ஈட்டிங் டைகர்' நம் ஆட்கொல்லிப் புலி. கோட்டை எடுத்துவிட்டால், புலிக்கறி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஆள் என்றும் படிக்கலாம். தண்ணீரில் ஈயம், பாதரசம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்கும் கருவி 'ஹெவி-மெட்டல் டிடெக்டர்'. கோடில்லாமல் எழுதினால் தூக்கவே முடியாத எடையுள்ள மெட்டல் டிடெக்டர் என்றும் ஆகும். 'ஸ்மால்-பிசினஸ் ஓனர்' என்றால் சிறுதொழில் நடத்துபவர். கோடு இல்லாவிட்டால் ஆளே குள்ளமாகிவிட வாய்ப்பு உண்டு. தமிழில் 'சிறுதொழில் முதலாளி' என்று சேர்த்தும், 'சிறிய தொழில்முதலாளி' என்று பிரித்தும் நாம் காட்டுகிற வேறுபாடுதான் இது.

வேலை விளம்பரங்களில் அடிக்கடி வருவது 'வீ நீட் மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டீச்சர்ஸ்' என்ற வாக்கியம். அனுபவமுள்ள ஆசிரியர்கள் இன்னும் பத்துப் பேர் வேண்டுமா, இருப்பவர்களைவிட அனுபவம் கூடியவர்கள் வேண்டுமா? இரண்டாவது பொருள்தான் என்றால் 'மோர்-எக்ஸ்பீரியன்ஸ்ட்' என்று கோடு போடலாம். 'மோர்', 'மோஸ்ட்', 'லெஸ்' போன்ற சொற்களுக்குப் பொதுவாகக் கோடு கிடையாது, இப்படிக் குழப்பம் வரும் இடத்தில் மட்டும்தான். என்னைக் கேட்டால் இங்கே கோட்டையும் நம்பாமல் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுவேன். பாதிப் பேர் கண்ணில் அந்தக் கோடு படாது.

எண்கள் வந்தால் கூடுதல் கவனம்

எண் வந்தால் தவறு பொருளில் மட்டும் நிற்காது, கணக்கிலும் வரும். 'ட்வென்டி ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்' என்று ஒரு மருத்துவமனையின் பணிப்பட்டியலில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடே இல்லை. இதை மூன்று விதமாகப் படிக்கலாம். 'ட்வென்டி ஃபோர்-அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் நான்கு மணி நேர ஷிஃப்ட் இருபது. மொத்தம் 80 மணி நேரம். 'ட்வென்டி-ஃபோர் அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் 24 ஷிஃப்டுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். 'ட்வென்டி-ஃபோர்-அவர் ஷிஃப்ட்ஸ்' என்றால் ஒவ்வொரு ஷிஃப்டும் 24 மணி நேரம், எத்தனை ஷிஃப்ட் என்று சொல்லவில்லை. சொற்கள் அதே நான்குதான். கோடு எங்கே விழுகிறதோ அதற்கேற்ப ஒரு நர்ஸின் வாரமே மாறிவிடுகிறது. 24 என்று எண்ணால் எழுதிவிட்டால் சிக்கல் பாதி தீரும் என்பதும் உண்மை.

அப்புறம், எண்ணோடு அளவு சேர்ந்து பெயரடையாகும்போது அளவு ஒருமையில் நிற்கும். பத்து ரூபாய் நோட்டு 'எ டென்-ருபீ நோட்'. 'ருபீஸ்' இல்லை. இரண்டு வருடப் படிப்பு 'எ டூ-இயர் கோர்ஸ்'. தமிழிலும் 'பத்து ரூபாய்கள் நோட்டு' என்று யாரும் சொல்வதில்லை, 'இரண்டு வருடங்கள் படிப்பு' என்பதும் காதில் ஒட்டாது. ஆங்கிலம் எழுதும்போது மட்டும் ஏனோ அந்த 'ஸ்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

வயதைச் சொல்லும்போது கோடு இரண்டு. 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்'. பின்னால் வந்தால் கோடு போய் பன்மை திரும்பிவிடும்: 'தி பாய் இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்'. அரைகுறையாக ஒரே ஒரு கோடு போடுவது போடாமல் இருப்பதைவிட மோசம். 'ஃபைவ் இயர்-ஓல்ட் பாய்ஸ்' என்று எழுதினால் ஒரு வயதுக் குழந்தைகள் ஐந்து பேர் என்று ஆகிவிடும்.

விண்ணப்பம் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. 'த்ரீ இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்பதில் ஹைஃபன் கிடையாது. 'இயர்ஸ்' என்பதற்குப் பின்னால் மேலே அப்பாஸ்ட்ரஃபி வர வேண்டும். மூன்று வருடங்களின் அனுபவம் என்ற உடைமைப் பொருள் அது. அது வம்பு என்று தோன்றினால் 'த்ரீ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' என்று எழுதிவிடுங்கள்.

எண்ணை எழுத்தால் எழுதும்போது 21 முதல் 99 வரை, முழுப் பத்துகள் தவிர, எங்கே வந்தாலும் கோடு உண்டு: 'ட்வென்டி-ஒன்', 'நைன்டி-நைன்'. அலகை முழுச் சொல்லாக எழுதினால் கோடு: '25-கிலோகிராம் பேக்'. அலகைக் குறியீடாகச் சுருக்கினால் கோடு இல்லை, எண்ணுக்குப் பின் ஓர் இடைவெளி மட்டும்: '25 கேஜி பேக்'. 'பர்சென்ட்' வந்தாலும் பெரும்பாலோர் கோடு போடுவதில்லை.

'லி'யில் முடிகிறதா?

'ஹைலி பெய்ட் ஆஃபீசர்', 'நியூலி மேரீட் கப்பிள்'. இவற்றில் கோடு கிடையாது, போட்டால் தவறு. நான் திருத்துகிற தாள்களில் அதிகமாக அடிக்க வேண்டிவருவது இந்தக் கோட்டைத்தான். 'லி'யில் முடியும் வினையடை நம் 'ஆக' மாதிரி. 'புதிதாக' என்று கேட்டதுமே அடுத்து 'மணமான' மாதிரி ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துவிடும். ஜோடி எது என்று சொல்லே காட்டிக்கொடுக்கும்போது முடிச்சு எதற்கு? 'வெரி' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். 'வெல்' என்ற சொல்லில் இந்த 'லி' இல்லை, அதனால்தான் அதற்குக் கோடு கேட்கிறது.

'லி'யில் முடிவதெல்லாம் வினையடை இல்லை என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். 'ஃபேமிலி' பெயர்ச்சொல், 'ஃப்ரெண்ட்லி' பெயரடை, 'எர்லி' இரண்டு வேலையும் பார்க்கும். ஆகவே குடும்பமே நடத்தும் தொழில் 'ஃபேமிலி-ஓன்ட் பிசினஸ்', விடிகாலைப் பேருந்து 'எர்லி-மார்னிங் பஸ்'. இங்கெல்லாம் கோடு உண்டு.

நம் ஊர்ப் பலகைகளில்

நாம் அன்றாடம் பார்க்கும் தொடர்களிலேயே பயிற்சி செய்யலாம். அரசு உதவி பெறும் பள்ளி 'கவர்ன்மென்ட்-எய்டட் ஸ்கூல்'. ஆங்கிலவழிப் பள்ளி 'இங்கிலிஷ்-மீடியம் ஸ்கூல்'. தமிழ் பேசும் மக்கள் 'தமிழ்-ஸ்பீக்கிங் பீப்பிள்'. சுயநிதிக் கல்லூரி 'செல்ஃப்-ஃபைனான்சிங் காலேஜ்'. இப்படி 'செல்ஃப்' முன்னால் ஒட்டிக்கொண்டு வரும் சொற்கள் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் கோடு போகாது. வீட்டு வாசலில் கொண்டுவந்து தருவது 'டோர்-டு-டோர் டெலிவரி', நடுவில் எத்தனை சின்னச் சொல் வந்தாலும் எல்லாவற்றையும் கோர்க்க வேண்டும்.

வாகனம் நிறுத்தும் இடத்தில் 'இரு மற்றும் நான்கு சக்கர வாகனங்கள்' என்று எழுதுகிறோமே, அதில் 'இரு' என்பது 'சக்கர'த்துக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது. ஆங்கிலத்தில் அப்படிக் காத்து நிற்கும் சொல்லுக்கும் கோடு போட வேண்டும். 'டூ- அண்ட் ஃபோர்-வீலர் பார்க்கிங்'. முதல் கோடு அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரியும். அதுதான் சரி. 'டூ- அண்ட் த்ரீ-பெட்ரூம் ஃப்ளாட்ஸ்' என்பதும் அப்படியே.

கோடு வேண்டாத இடங்கள்

பெயர்கள் ஏற்கெனவே ஒரே பொட்டலம்தான். 'சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ்' என்பதில் முதல் இரண்டு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கித் தாங்கள் ஒரு ஜோடி என்று சொல்லிவிடுகின்றன. லத்தீனிலிருந்து வந்தவற்றுக்கும் வேண்டாம்: 'பெர் கேபிடா இன்கம்', 'அட் ஹாக் கமிட்டி'. பள்ளியில் வாங்குகிற 'போனஃபைட் சர்டிஃபிகேட்' கூட லத்தீன்தான். அதை இரண்டு சொல்லாக எழுத வேண்டும். நம் ஊரில் ஒரே சொல்லாக்கிவிட்டோம், சிலர் கோடும் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது எல்லோரும் சண்டை போடும் இடம். 'ஹை ஸ்கூல் ஸ்டூடன்ட்', 'ரியல் எஸ்டேட் ஏஜென்ட்', 'இன்கம் டாக்ஸ் ஆஃபீசர்'. மேலே சொன்ன சோதனைப்படி இவற்றுக்குக் கோடு வேண்டும். ஆனால் பெரும்பாலோர் போடுவதில்லை. 'ஹை ஸ்கூல்' என்பதை யாருமே பிரித்துப் படிப்பதில்லை, உயரமான பள்ளிக்கூட மாணவன் என்று எவரும் எண்ணப்போவதில்லை. பழகப் பழகக் கோடு உதிர்ந்துவிடுகிறது.

எங்கே உதிரலாம் என்பதில் பெரிய பெரிய ஆட்களுக்கே ஒத்துப்போகவில்லை. அமெரிக்கச் செய்தித்தாள்கள் பலவும் பின்பற்றும் அசோசியேட்டட் பிரஸ் நடைக் கையேடு, 2019-இல், பழகிய தொடர்களுக்குக் கோடு வேண்டியதில்லை என்று தளர்த்தி, 'ஃபர்ஸ்ட் குவார்ட்டர் டச்டவுன்' என்பதை உதாரணமாகக் காட்டியது. பத்திரிகை ஆசிரியர்கள் கொதித்துப்போனார்கள். அதே ஆண்டிலேயே அந்தக் கோட்டைத் திரும்ப வைத்துவிட்டார்கள். அதற்கு முன்பு 2007-இல் ஷார்ட்டர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆறாம் பதிப்பு ஏறக்குறைய 16,000 சொற்களிலிருந்து ஹைஃபனை நீக்கியது. 'ஐஸ் கிரீம்' பிரிந்து இரண்டு சொல்லானது, 'பம்பிள்பீ' ஒட்டி ஒரே சொல்லானது. ஆகவே இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்றைய செய்தியில் வேறு மாதிரியும் பார்த்தால் குழம்ப வேண்டாம்.

அகராதியைத் திறங்கள்

சந்தேகம் வந்தால் ஆக்ஸ்ஃபோர்டு, மெரியம்-வெப்ஸ்டர் என ஏதாவது ஒரு நல்ல அகராதியில் பாருங்கள், ஒன்றையே கடைசிவரை பின்பற்றுங்கள். 'ஏர்-கண்டிஷன்ட்', 'ஓல்ட்-ஃபேஷன்ட்' போன்றவை அகராதியிலேயே கோட்டோடு இருக்கும். அவை பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் போனாலும் கோட்டை விடுவதில்லை. 'ஆன்லைன்', 'ஹேண்ட்மேட்' போன்றவை முழுதாக ஒட்டிவிட்டவை. 'ஃபாலோ அப்' வினையாக வந்தால் தனித்தனியே நிற்கும். 'எ ஃபாலோ-அப் மீட்டிங்' என்று பெயரடையானால் கோடு.

இந்தக் கட்டுரையின் எல்லைக்குக் கொஞ்சம் வெளியே என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஒப்பந்தத்தில் மறுபடி கையெழுத்துப் போடுவது 'ரீ-சைன்'. கோட்டை விட்டுவிட்டால் அதே எழுத்துகள் 'ரிசைன்' ஆகிவிடும், அதாவது வேலையை விடுவது. மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பும் முன் அந்த ஓர் இடத்தையாவது இருமுறை பார்த்துவிடுங்கள்.

அகராதியிலும் இல்லை, சோதனையும் தெளிவாகச் சொல்லவில்லை என்றால்? வாக்கியத்தைத் திருப்பிப் போடுங்கள். எங்கள் தெருக் கடைக்காரர் 'டீலர் இன் ஓல்ட் ஃபர்னிச்சர்' என்று எழுதியிருந்தால் கோடும் வேண்டாம், கேலியும் வந்திருக்காது. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நான்கைந்து சொற்கள் சேர்ந்தாலே நான் இதைத்தான் செய்வேன். கோடு போட்டுக் கோர்த்த நீள மாலையைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

தட்டச்சு செய்யும்போது

விசைப்பலகையில் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோடுதான் ஹைஃபன். அதற்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. காத்து நிற்கும் 'டூ-' போன்றவற்றில் மட்டும் பின்னால் இடைவெளி வரும். இரண்டு பக்கமும் இடைவெளி விட்டு அடித்தால் வேர்டு மென்பொருள் அதை டேஷ் என்று எண்ணி நீளமாக்கிவிடும். டேஷ் வாக்கியத்தைப் பிரிப்பது, ஹைஃபன் சொற்களைச் சேர்ப்பது. வரி முடிவில் 'ஃபைவ்-' ஒரு வரியிலும் 'ஸ்டார்' அடுத்த வரியிலும் போய் விழுந்தால், வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு கோட்டை அடியுங்கள். பிரியாமல் ஒரே வரியில் நிற்கும்.

ஐந்து தொடர் தருகிறேன், கோடு வேண்டுமா என்று பாருங்கள். விடை அடுத்த பத்தியில். 'ஃபுல்லி ஃபர்னிஷ்ட் ஹவுஸ்', 'சுகர் ஃப்ரீ பிஸ்கட்ஸ்', 'லாங் பிளாக் ஹேர்', 'ஹண்ட்ரட் மீட்டர் ரேஸ்', 'லிட்டில் யூஸ்ட் கார்'.

முதலாவது 'லி', கோடு வேண்டாம். இரண்டாவதில் 'சுகர்-ஃப்ரீ'. போடாவிட்டால் சர்க்கரையும் உண்டு, பிஸ்கட்டும் இலவசம் என்று யாராவது வந்து நிற்கலாம். மூன்றாவதில் நீளமும் கருப்பும் கூந்தலுக்கே, கோடு வேண்டாம். நான்காவதில் 'ஹண்ட்ரட்-மீட்டர்'. ஐந்தாவது நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 'லிட்டில்-யூஸ்ட் கார்' என்றால் அதிகம் ஓடாத வண்டி. கோடு இல்லாமல் 'லிட்டில் யூஸ்ட் கார்' என்றால் யாரோ ஓட்டித் தள்ளிய சின்ன வண்டி. விற்பவர் முதலாவதை எழுதத்தான் ஆசைப்படுவார். விலை கேட்கும் முன் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்துவிடுங்கள்.